சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்க எந்த டெஸ்ட்?

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு. இவை சேர்ந்து வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். சிக்கல் என்னவென்றால், ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மி.கி.யைத் தாண்டினால்தான் அது சிறுநீரில் இறங்கத் தொடங்கும், இந்த அறிகுறிகளும் அப்போதுதான் தெரியும். நோய் என்று சொல்லும் வரம்போ வெறும் வயிற்றில் 126. ஆகவே பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் டைப் 2 வகை பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் டைப் 1 அப்படியல்ல, சில வாரங்களிலேயே முற்றிவிடும். தாகமும் மெலிவுமாக இருக்கும் குழந்தைக்கு வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெறும் வயிற்று டெஸ்ட் எளிது, செலவும் குறைவு. எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். 100 முதல் 125 வரை வந்தால் நோய்க்கு முந்தைய நிலை (உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 110 முதல்). ஆனால் காலையில் சரியாக இருந்து, சாப்பிட்ட பிறகு மட்டும் எகிறுகிறவர்கள் இதில் தப்பிவிடுவார்கள்.

அவர்களைப் பிடிப்பது 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட். 200 அல்லது அதற்கு மேல் என்றால் நோய். குமட்டும், அரை நாள் போய்விடும். கர்ப்பிணிகளுக்கு வேறு வரம்புகளோடு இதைத்தான் நம்புகிறார்கள்.

ஹெச்பிஏ1சி எல்லாருக்கும் பிடித்தது, ஏனென்றால் பட்டினி வேண்டாம். இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும், 6.5 சதவீதம் வரம்பு. எனக்கு இதன்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. இது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் அளவு, அணுவின் ஆயுள் மாறினால் கணக்கும் மாறும். இரும்புச்சத்துக் குறைவில் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் ஏற்றியவருக்கும், சிவப்பணு சீக்கிரம் சிதைகிறவருக்கும் குறைத்துக் காட்டலாம். சோகை உள்ளவருக்கு நான் வெறும் வயிற்று டெஸ்டைத்தான் சொல்வேன்.

வீட்டு குளுக்கோமீட்டர்? நோய் வந்தபின் கண்காணிக்க நல்லது. நோயை உறுதிசெய்ய சிரையில் (கையின் ரத்தக்குழாயில்) எடுத்து லேபில் பார்க்கும் ரத்தமே வேண்டும்.

தெளிவான அறிகுறிகளோடு, எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 தொட்டால் அதுவே போதும். அறிகுறி இல்லையென்றால் ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து முடிவு செய்வதில்லை. இரண்டு டெஸ்ட் முரண்பட்டால், வரம்பைத் தாண்டியது எதுவோ அதையே மறுபடி எடுப்பார்கள்.