ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத்: மேற்குச் சுவருக்காகவே போகலாம்

மைசூரு போகிற வழியில் அரைமணி நேரம் வண்டியை நிறுத்தி 'திப்பு அரண்மனை' பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த நேரத்தில் தோட்டத்தைச் சுற்றலாம், அவ்வளவுதான். 1784இல் திப்பு சுல்தான் எழுப்பிய தரியா தௌலத் என்ற இந்தக் கோடை மாளிகை பெரும்பாலும் தேக்கு மரம். கல் கோட்டை மாதிரி பிரமாண்டத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பார்க்க வேண்டியது மேற்குச் சுவர். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையைத் திப்புவும் அவர் தந்தை ஹைதர் அலியும் முறியடித்த போர் அங்கே ஓவியமாக விரிகிறது. முதலில் நடுவில் இருக்கும் சிவப்புச் சட்டை வீரர்களின் சதுரத்தைத் தேடுங்கள்: அதுதான் ஆங்கிலேயர் வகுத்த வியூகம். உள்ளே வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. பல்லக்கில் பெய்லி விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தாமதமாக வரும் ஹைதராபாத் நிஜாமுக்குப் பக்கத்தில் பசுவும் பன்றியும் வரைந்திருப்பது அப்பட்டமான கிண்டல். ஒரு எச்சரிக்கை: திப்பு வீழ்ந்தபின் இங்கே தங்கிய ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி காலத்திலும், பிறகு கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்திலும் மேலே வண்ணம் பூசப்பட்டது. ஆகவே பளிச்சென்ற நிறங்களைத் திப்பு காலத்தவை என்று நம்ப வேண்டாம்.

வெயில் படாமலிருக்க வராந்தாவில் திரை தொங்குவதால் மங்கலாகத்தான் இருக்கும். கண் பழகும்வரை நின்றுவிட்டுப் பாருங்கள். மேல் வரிசைகளுக்குச் சிறிய தொலைநோக்கி உதவும். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை.

மற்றவற்றைத் திட்டமிடாமல் போனால் கோவில்தான் கைநழுவும். ரங்கநாதர் சன்னதி மதியம் நடை சாத்திவிடுவார்கள். எனவே காலையில் அங்கே தொடங்குங்கள். ஜும்மா மசூதி, ஆங்கிலேயக் கைதிகளை அடைத்த பெய்லி நிலவறை, 1799 மே 4இல் திப்பு வீழ்ந்த இடம் எல்லாம் கோட்டைக்குள்ளேயே, நடந்து போகலாம். ரயில் நிலையமும் கோட்டைக்குள்தான். அதன் பிறகு ஆட்டோ பிடித்துக் கிழக்கே வந்தால் முதலில் தரியா தௌலத், அடுத்து ஹைதரும் திப்புவும் அடங்கிய கும்பஸ், ஸ்ரீரங்கப்பட்டணத் தீவின் முனையில் காவிரியின் இரு கிளைகளும் சேரும் சங்கமம். கூலியை ஏறும் முன்பே, காத்திருப்பு நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

கிருஷ்ணராஜசாகர் அணையில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் சங்கமத்தில் இறங்கவே கூடாது. அப்போது 1804இல் கட்டிய வெல்லெஸ்லி பாலத்தின் கல் தூண்களும் முழுசாகத் தெரியாது.