ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 4: நாயகன் களமிறங்கியதால் குலைந்த ஆட்டம்

நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் 1999 ஆம் ஆண்டில் உருவாக்கிய, நகரங்களைப் பிடித்துப் படை திரட்டி முறைவைத்துப் போரிடும் கணினி ஆட்டமான ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’ மூன்றாம் பாகத்தை இன்றும் சலிக்காமல் ஆடுவோர் பல நாடுகளில் இருக்கிறார்கள். 2002 மார்ச்சில் வந்த நான்காம் பாகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்களில் பெரும்பாலோர் முகம் சுளிப்பார்கள். பழைய சரக்கையே புது உறையில் போட்டுக் கொடுத்த குற்றத்தை இந்த ஆட்டத்தின்மீது சுமத்த முடியாது. ஒன்றையொன்று தாங்கி நின்ற பல விதிகளை ஒரே நேரத்தில் பிடுங்கிவிட்டு, அந்த இடங்களில் வைத்த புதியவற்றை எடைபோட்டுப் பார்க்காமல் விட்டதே இதன் குறை என்பது என் கருத்து.

மூன்றாம் பாகத்தில் படையை வழிநடத்தும் நாயகன் போர்க்களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு சுற்றுக்கு ஒரு மந்திரம் ஏவுவான். அவனுடைய தாக்குதல், தற்காப்புப் புள்ளிகள் படைகளுக்குச் சேருமே தவிர, எதிரிப் படையால் அவனைத் தொட முடியாது. நான்காம் பாகம் அவனைக் களத்துக்குள் இறக்கி, படைக்குரிய ஏழு இடங்களில் ஒன்றில் நிறுத்தியது. விரும்பினால் ஒரே படையில் பல நாயகர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கேட்பதற்கு அருமையான யோசனைதான். ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்தில் அந்த நாயகன் வில்லாளிகளின் ஓரிரு தாக்குதல்களிலேயே சுருண்டு விழுகிறான். அவனைக் காப்பாற்ற அமரத்துவ மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு, களத்தின் மூலையில் ஒளித்துவைப்பதே ஆட்டக்காரரின் வேலையாகிவிடுகிறது. போர்க்கலையில் உச்சநிலையை எட்டிய பிறகோ நிலைமை தலைகீழாகிறது: அடுத்தடுத்து வாரக்கணக்கில் திரட்டிய படைகளைத் தனியொருவனாக நின்று அவன் வீழ்த்துகிறான். சதுரங்கத்தில் ராஜாவைப் பாதி ஆட்டம் வரை சிப்பாயாகவும் பிறகு ராணியாகவும் நகர்த்தச் சொன்னால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இதுவும் இருக்கிறது. படை திரட்டுவதையே உயிர்நாடியாகக் கொண்ட ஒரு வரிசையில், படையே தேவையில்லை என்ற நிலை வந்தபின் மிச்சமிருக்கும் நகரங்களையும் சுரங்கங்களையும் எதற்காகப் பிடிக்க வேண்டும்?

இதே மாற்றத்திலிருந்து நல்லவையும் பிறந்தன என்பதை மறுக்க முடியாது. நாயகன் இல்லாமலேயே படைகள் வரைபடத்தில் நடமாடலாம், சுரங்கத்தைக் கைப்பற்றலாம். புதிதாகத் திரட்டிய வீரர்களைத் தொலைவிலுள்ள நகரத்துக்கு வண்டித் தொடரில் அனுப்பிவிடலாம். படைகளைச் சுமந்து செல்வதற்கென்றே உபரி நாயகர்களைக் கூலிக்கு அமர்த்தும் பழைய தொல்லை இதனால் ஒழிந்தது. திறன்களைக் கலந்து புதிய நாயக வகைகளை உருவாக்கும் முறையும் சுவையானது: போர்க்கலையுடன் உயிர் மந்திரம் கற்றவன் பாலடின் (புனிதப் போர்வீரன்) ஆகிறான், மரண மந்திரம் கற்றவன் அசாசின் (கொலையாளி) ஆகிறான்.

நகரங்களைத்தான் பெரிதாகக் குறைத்துவிட்டார்கள். மூன்றாம் பாகத்தில் எட்டு நகரங்கள் இருந்தன, பின்னர் வந்த விரிவாக்கத் தொகுப்பில் ஒன்பதாவதும் வந்தது. ஒவ்வொன்றிலும் ஏழு நிலைப் படைகளும், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மேம்பட்ட வடிவமும் உண்டு. நான்காம் பாகத்தில் ஆறே நகரங்கள், நான்கே நிலைகள். மேம்பாடு என்பதே கிடையாது. நரகப் பேய்களும் எலும்புக்கூடுகளும் ஒரே நகரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. அதற்கு ஈடாக, இரண்டாம் நிலை முதல் இரண்டு படைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியை வைத்தார்கள். கருப்பு டிராகனா, பல தலைகள் கொண்ட ஹைட்ராவா என்பது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேள்வி. ஆனால் எதிரியின் உயிரை உறிஞ்சித் தன் இழப்பை ஈடுகட்டும், திருப்பியடியும் வாங்காத வேம்பயர்களை (இரத்தக்காட்டேரிகளை) ஒதுக்கிவிட்டு அதே நிலையிலுள்ள வெனம் ஸ்பான் என்ற நச்சு உயிரினத்தை யார் தேர்ந்தெடுப்பார்கள்? பல இடங்களில் தேர்வு என்பது பெயரளவில்தான் இருக்கிறது.

வாரத்தின் முதல் நாளில் படைகள் மொத்தமாகப் பெருகும் பழைய வழக்கமும் போய், தினந்தோறும் சிறுகச் சிறுகப் பெருகும் முறை வந்தது. வசதிதான் என்றாலும், வார இறுதியில் முற்றுகையை இன்றே தொடுப்பதா, புதிய படைக்காக ஒரு நாள் பொறுப்பதா என்ற பதற்றம் இதனால் காணாமல்போனது. தாக்குபவரும் தாக்கப்படுபவரும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளும் விதி, முதலில் பாய்பவருக்கு இருந்த ஆதாயத்தையும் பறித்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட மன்னிக்க முடியாதது கணினி எதிராளியின் மந்தம். தன் நகரத்துக்கு அருகிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது, திரட்டிய படையைச் சிதறவிடுகிறது, நாயகர்களை வளர்க்கத் தெரியாமல் தடுமாறுகிறது. அப்படியானால் நண்பர்களுடன் ஆடலாமே என்றால், வெளியான நாளில் பலர் சேர்ந்து ஆடும் வசதியே இந்த ஆட்டத்தில் இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். ஒரே கணினியின் முன் மாறி மாறி உட்கார்ந்து இரவு முழுவதும் ஆடியவர்களால் வளர்ந்த ஒரு வரிசைக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வெளியீட்டு நிறுவனமான த்ரீடிஓ அடுத்த ஆண்டே திவாலாகி, இந்த வரிசையின் உரிமை யுபிசாஃப்ட் என்ற ஆட்ட நிறுவனத்தின் கைக்குப் போனது. முழுதாக வேகாமலே இறக்கிவைத்த ஆட்டம் என்ற எண்ணத்தை அந்தப் பின்னணி வலுப்படுத்துகிறது.

காட்சியமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வரைபடத்தில் மரங்களுக்குப் பின்னால் பொருட்கள் மறைந்துவிடுகின்றன, படைகள் பிளாஸ்டிக் பொம்மைகளைப் போல் நடக்கின்றன. பால் ரொமேரோவும் ராப் கிங்கும் ஸ்டீவ் பாக்காவும் அமைத்த இசை மட்டும் முந்தைய பாகங்களுக்குச் சளைத்ததல்ல. வரைபடத்தில் அலையும்போது ஒலிக்கும் குரலிசைக்காகவே ஆட்டத்தை மூடாமல் விட்டுவைக்கத் தோன்றும்.

கதைத் தொடர்களும் அப்படியே. பழைய உலகம் அழிந்தபின் தப்பி வந்தவர்கள் ஆக்ஸியோத் என்ற புதிய நிலத்தில் வேரூன்றும் கதைகள் இவை. பாதி உயிருடனும் பாதி பிணமாகவும் வாழும் கால்டோத் என்ற மந்திரவாதியின் தொடர், ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் வரும் உரைநடைக்காகவே படிக்கத்தக்கது. முந்தைய பாகத்தின் எந்தத் தொடரிலும் ஒரு பாத்திரம் இவ்வளவு நெருக்கமாக நம்முடன் பேசியதில்லை.

இப்போது இரண்டு விரிவாக்கங்களும் அடங்கிய முழுத் தொகுப்பு ஜிஓஜி என்ற இணைய விற்பனைத் தளத்தில் கிடைக்கிறது. கதைக்காக ஆடுபவர்கள் தயங்காமல் வாங்கி, கால்டோத்தின் தொடரிலிருந்து தொடங்கலாம். ஆட்டத்தின் சமநிலை சரியில்லை என்று எரிச்சல் வந்தால், ரசிகர்கள் உருவாக்கிய ஈக்விலிப்ரிஸ் திருத்தத் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். தனி வரைபடங்களில் கணினியை எதிர்த்து ஆட விரும்புபவர்கள் மூன்றாம் பாகத்திலேயே இருந்துவிடுவது நல்லது.