'கான்டிட்': இயல்பானதா, வெளிப்படையானதா?

'கான்டிட்' (candid) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? கிளிநொச்சிக் கல்யாண மண்டபங்களில் 'கான்டிட் படம்' என்பது, தாலி கட்டியதும் மணமகளின் தாயார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கும் கணத்தை அவர் அறியாமலே எடுத்த படமாகும். இதற்கு 'இயல்பான' என்ற சொல்லே பொருந்தும், 'வெளிப்படையான படம்' என்று எழுதினால் வேறு விபரீதப் பொருள் வந்துவிடும்.

பேச்சில் நிலைமை மாறுகிறது. "காலபோகம் சரிவரேல்லை, தம்பி, கடனைச் சிறுபோகம் வெட்டித்தான் தருவன்" என்று, மாரி நெல் பொய்த்ததால் கோடை நெல் அறுவடை வரை தவணை கேட்டு முகத்துக்கு நேரே சொல்லும் கமக்காரரின் பேச்சையும் ஆங்கிலம் அதே சொல்லால் குறிக்கும். அங்கே 'இயல்பான' சப்பென்றிருக்கும். 'வெளிப்படையான' சரி, 'ஒளிவுமறைவற்ற' அதைவிட நன்று.

இரு பயன்பாடுகளுக்கும் வேர், வெண்மையைக் குறிக்கும் லத்தீன் 'கான்டிடஸ்'. வெளுத்த அங்கியுடன் ஆதரவு திரட்டிய உரோமரால் வேட்பாளரைக் குறிக்கும் 'கான்டிடேட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. நாமும் 'வெள்ளை மனம்' என்கிறோம், ஆனால் வேட்பாளரை அல்ல.