இரவைப் பார்த்துப் பூக்கும் செடியா, வயதைப் பார்த்துப் பூக்கும் செடியா? கொழும்புப் பல்கனிக்கு எது தோது

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பல்கனியில் ஒரு கதிரை போடலாம், ஐந்தாறு பூச்சாடி வைக்கலாம், அவ்வளவுதான் இடம். இந்த இடத்தில் காய் பறிக்க ஆசைப்படுகிறவர்கள் சாடி, மண், பசளை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் நடப்போகும் செடி எதைப் பார்த்துப் பூக்கிறது? எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஒரு அவரைக் கொடி.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பழைய கொடி அவரை விதையைக் கடதாசியில் சுற்றித் தந்துவிட்டார். ஆடியில் இரண்டு சாடியில் ஊன்றினேன். ஒன்றை முன்பக்கப் பல்கனியில் வைத்தேன். இடம் போதாததால் மற்றதைப் பின்னால் குசினி யன்னல் தட்டில் வைத்தேன். முன்பக்கத்துக் கொடி நல்ல வெயிலில் கிறிலை மூடிப் படர்ந்து, மேல்வீட்டுக் கம்பியையும் எட்டிப் பிடித்தது. பின்பக்கத்தில் காலை வெயில் மட்டும் என்பதால் அந்தக் கொடி மெலிந்து கிடந்தது. மார்கழி பிறந்தபோது மெலிந்த கொடியில் ஊதாப் பூங்கொத்து நிமிர்ந்து நின்றது. செழித்த கொடியிலோ இலையைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அக்கா கிறிலைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, உன்ர அவரை பந்தல் போடத்தான் வந்ததோ, காய்க்கிற எண்ணம் இல்லையோ?" என்று கேட்டார்.

அன்று இரவு கொடியைப் பார்க்கப் பல்கனிக்குப் போனேன். ஒவ்வொரு இலையின் நரம்பும் தெளிவாகத் தெரிந்தது. எதிரே இருந்த தெருவிளக்கு விடியும்வரை அந்தக் கொடியின்மேல் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு இரவே வரவில்லை.

பழைய கொடி அவரைகள் குறும்பகல் செடிகள். பகல் குறுகி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்த கார்னர், அலார்ட் என்ற இருவர் 1920 இல் இதை எழுதி வெளியிட்டார்கள். மேரிலாந்து மம்மத் என்ற புகையிலை கோடை முழுக்க ஆளுயரம் தாண்டி வளர்ந்தும் பூக்கவில்லை. பகலைக் குறைத்துக் காட்டியதும் பூத்தது. இப்படிப்பட்ட செடி கணக்கு வைப்பது தொடர்ச்சியான இருட்டை என்பது பிறகு தெரியவந்தது. நடுஇரவில் கொஞ்ச நேரம் செந்நிற ஒளி பட்டாலே பல செடிகளுக்கு அந்தக் கணக்குக் குழம்பிவிடும். கொழும்பில் ஆனியின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணிநேரம் அளவில்தான். அவ்வளவு நுணுக்கமாக இரவை அளக்கிற செடியின்மேல் விடியவிடிய விளக்கெரிந்தால் அது எதை அளக்கும்?

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று முன்னோர் சொன்னதில் மழைக் கணக்கு இருக்கிறது. அவரையைப் பொறுத்தவரை இரவின் கணக்கும் அதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆடியில் விதைத்தால் கொடி வளர்ந்து நிற்கும் நேரத்தில் இரவு நீளத் தொடங்கும்.

இனி மற்றக் கட்சி. இந்தச் செடிகள் இரவைப் பார்ப்பதில்லை, தங்கள் வயதைத்தான் பார்க்கும். இத்தனை இலை விட்டாயிற்று, இனிப் பூக்கலாம் என்று தாமே தொடங்கிவிடும். தக்காளியும் மிளகாயும் பெரும்பாலும் இந்த வகை. நம் நெல்லிலும் இந்த இரண்டு குணமும் உண்டு. மாவீ போன்ற பழைய ஆறுமாத நெல் பகல் குறுகும்வரை காத்திருக்கும். பத்தலகொடையில் உருவான பி.ஜி. நெல்லுக்கு விதைத்த நாளிலிருந்து கணக்கு. பி.ஜி. 300 என்றால் மூன்று மாதத்தில் அறுவடை, அந்த வயது பெயரிலேயே இருக்கிறது.

"ஓட்டோ" விதை என்று இணையத்தில் விற்கிற குட்டைக் கஞ்சாவைப் பற்றியும் சில இளைஞர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். செடிநூல்படி அதுவும் இதே குணம்தான். சாதாரணக் கஞ்சா குறும்பகல் செடி. ருடராலிஸ் என்ற குட்டை வகை ரஷ்யா பக்கத்தில், கோடை சுருக்கமாக வந்துபோகும் நாட்டில் காடாக முளைப்பது. அங்கே இருட்டு நீளும்வரை காத்திருந்தால் பனி முந்திவிடும், அதனால் வயது வந்ததும் பூத்துவிடுகிறது. 1924 இல் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அந்தக் குணத்தைக் கலந்து எடுத்ததுதான் ஓட்டோ. ஆனால் இலங்கையில் கஞ்சாவை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1929 ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு செடி என்றாலும் பிடிபடலாம். குட்டைச் செடி, மூன்று மாதத்தில் பலன் என்ற ஆசைதான் காரணம் என்றால் அதைத் தீர்க்கத் தக்காளியும் மிளகாயும் இருக்கின்றன. அவற்றுக்கு யாருக்கும் பயப்படத் தேவையில்லை.

சரி, அந்த இரண்டில் எது? பார்த்தவுடன் மனம் தக்காளிக்குத்தான் போகும். குட்டைத் தக்காளி உலகத்தில் ஆச்சரியமான செடிகள் இருக்கின்றன. புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் உருவான மைக்ரோ-டொம் ஒரு சாண் உயரம்கூட எட்டாமல் காய்த்து முடியும். ஆனால் கொழும்பில் தக்காளிக்கு எதிரி பகல் வெயிலைவிட இரவுச் சூடுதான். இரவு வெப்பம் 21, 22 பாகையைத் தாண்டினால் பூ காயாகாமல் காம்போடு உதிரத் தொடங்கும். இங்கே தைமாத இரவே கிட்டத்தட்ட அந்த எல்லையில்தான் நிற்கிறது, சித்திரை வைகாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார்த்திகையில் நாற்றுப் போட்டு, தை மாசியில் பூக்க விட்டால் ஓரளவு கிடைக்கும். பெரிய பழ வகையைவிடச் சின்னப் பழ வகை நல்லது.

அடுத்த தொல்லை வாடல் நோய். முதல்முறை தோட்டத்து மண்ணை மூட்டையில் வாங்கிச் சாடியை நிரப்பினேன். காய் பிடித்த செடி ஒன்று மத்தியானம் தொங்கியது, மாலையில் நிமிர்ந்தது. மூன்றாம் நாள் பச்சை மாறாமலே செத்துப்போனது. தண்டை அடியில் வெட்டிக் கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீருக்குள் பிடித்தேன். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு வெள்ளை நூல் கீழே இறங்கியது. அதுதான் பக்டீரியா வாடல், மருந்தடித்துத் தீராது. அந்த மண்ணில் மறுபடி தக்காளி, மிளகாய், கத்தரி எதையும் வைக்கக் கூடாது. அதன்பின் நான் பாவிப்பது கழுவிய தும்புத்தூளும் நன்றாக மக்கிய கூட்டெருவும்தான்.

வயதைப் பார்த்துப் பூக்கும் குட்டைச் செடிக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு, அது காத்திருக்காது. நாற்றாக இருக்கும்போது ஒரு வாரம் தண்ணீர் பிசகினாலோ, வேரை அறுத்துச் சாடி மாற்றினாலோ, அந்தச் சின்ன உடம்போடேயே பூத்து நாலு காயோடு முடித்துக்கொள்ளும். அவரை அப்படியில்லை. புழு தின்றாலும் காற்று முறித்தாலும் பூக்கும் காலம் வரும்வரை அதற்கு அவகாசம் இருக்கிறது. விளக்கைக் கூட்டினால் வேகமாக வளரும் என்று தக்காளிக்கு இரவுபகலாக லைட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 24 மணிநேர ஒளியில் தக்காளி இலை மஞ்சளாகிக் கெட்டுப்போகும். தூங்க விடுங்கள்.

மிளகாயில் இந்த இரண்டு பக்கத்தின் நல்லதும் சேர்ந்திருக்கிறது. தெருவிளக்கைப் பொருட்படுத்தாது. இரவுச் சூட்டைத் தக்காளியைவிட நன்றாகத் தாங்கும். ஒரு தடவை காய்த்ததும் ஓய்ந்துவிடாது, கிளையைக் கவாத்து செய்து பசளை போட்டால் மறுபடி துளிர்க்கும். மகா இலுப்பள்ளமையில் உருவான எம்.ஐ. வகைகள் வயலுக்கென்று வந்தவை என்றாலும் பத்து லீற்றர் சாடியில் எனக்கு நன்றாக வந்தன. அதற்கு வரும் நோவு இலைச்சுருள். இலை மேல்நோக்கிக் கிண்ணம்போல் மடிந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கி மடிந்தால் சிற்றுண்ணி. காலையில் இலையின் அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் பீச்சி வந்தாலே பாதி குறையும். கடற்காற்று இலையில் விடும் உப்பும் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

ஆகவே விளக்கு விழும் பல்கனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு மிளகாய்தான். தக்காளி, மார்கழி முதல் மாசி வரைக்கும் வந்துபோகும் விருந்தாளி. அவரைக்கு இரவில் உண்மையாகவே இருட்டாகும் ஒரு மூலை வேண்டும். அது இருக்கிறவர்கள் ஒரு சாடியாவது வையுங்கள், தேங்காய்ப்பால் விட்ட அவரைக்காய்க் கறிக்கு ஈடாக எந்தக் குட்டைச் செடியும் எதையும் தந்துவிடாது.

இந்த ஆடிக்கு இரண்டு அவரைச் சாடியும் குசினிப் பக்கம் போய்விட்டன. இரவில் அங்கே நானும் லைட் போடுவதில்லை, தண்ணீர் எடுக்கப் போனால் தடவிக்கொண்டுதான் போகிறேன்.