பழைய ஏர்கன்னுக்குத் தோல் வாஷர்: மேல்விஷாரம் பக்கத்துப் பட்டறைச் சரக்கு எப்படி?

ஏர்கன்னில் பெல்லட் (ஈயக் குண்டு) குறிக்குக் கீழே விழ ஆரம்பித்ததும் எல்லாரும் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகிப்பார்கள். பல துப்பாக்கிகளில் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும். பிஸ்டன் முனையில் காற்றைக் கசியாமல் அடைக்கும் தோல் வாஷர்தான் எண்ணெய் வற்றிச் சுருங்கிக் கிடக்கும். வேலூர் வெயிலில் வருஷக்கணக்காகப் பரண்மேல் கிடந்த முப்பத்தைந்தாம் நம்பர் ஏர்கன் மாடல்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

மேல்விஷாரம் பக்கம் ஒரு பட்டறையில் 28 மி.மீ. சிலிண்டருக்கு வெட்டி, கிண்ணமாக அழுத்தி விற்கிறார்கள். தோல் நல்ல தோல். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த மாட்டுத்தோல். இதற்கு அதுதான் வேண்டும்: ஈரத்தில் அழுத்திய வடிவம் காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் நிற்காது, விளிம்பு தளர்ந்து விரிந்துவிடும். நம் பக்கம் குரோம் தோல்தான் மலிவாகக் கிடைக்கும் என்பதால் வாங்கும்போது வெட்டுவாயைப் பாருங்கள். உள்ளே சாம்பல் கலந்த நீலம் தெரிந்தால் குரோம். நடுவரை பழுப்பாக இருந்தால் பட்டைத்தோல். இன்னும் சந்தேகமா, ஒரு துணுக்கைக் கொதிநீரில் போடுங்கள். பட்டைத்தோல் அங்கேயே சுருண்டுவிடும்.

குறை தடிமனில். 4 மி.மீ. என்று சொல்லித் தருகிறார்கள், கலிப்பரில் வைத்தால் ஒரு பக்கம் மூன்றரைதான் வருகிறது. மெல்லிய பக்கத்தில் காற்று கசியும். நாலைந்து வாஷரை அளந்து பார்த்து ஒன்றைப் பொறுக்குவது நல்லது. கூடவே தரும் திருகையும் பயன்படுத்த வேண்டாம். அதன் தலை கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி நிற்கிறது. சுடும்போது சிலிண்டர் முகப்பில் மோதும். பழைய திருகே போதும்.

பொருத்தும்போது கிண்ணத்தின் வாய் முன்பக்கம், காற்றுத் துளையைப் பார்த்து இருக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற அந்த விளிம்பு சுவரோடு ஒட்டும், அதனால்தான் தோல் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது. ஸ்பிரிங்கைக் கிளாம்ப் இல்லாமல் கழற்றாதீர்கள், பின்முனை முகத்துக்கே வரும். ஸ்பிரிங் போடுமுன் ஒரு சோதனை: காற்றுத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளினால் மெத்தையில் அமுக்கியதுபோல் திரும்பி வர வேண்டும். கட்டைவிரலால் தள்ளியும் நகரவில்லை என்றால் இறுக்கம் அதிகம். விளிம்பை நைஸ் உப்புத்தாளில் இரண்டு சுற்று தேயுங்கள்.

எண்ணெயில்தான் பெரும்பாலோர் கெடுப்பார்கள். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் அழுத்தச் சூட்டில் தீப்பிடித்து, டீசல் எஞ்சின் மாதிரி வெடிக்கும். புகை வரும், ஸ்பிரிங் உடையும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்து நிற்கும். தோல்காரர்களிடமே கிடைக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் (மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது) வாஷரை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுப் பொருத்துங்கள். முதல் இருபது முப்பது குண்டுக்குக் கொஞ்சம் புகை வரும், பயப்பட வேண்டாம்.

வாஷரோடு கனமான ஸ்பிரிங்கும் சேர்த்துப் போடலாம் என்பார்கள். தேவையில்லை. அரை கிராம் பெல்லட் வினாடிக்கு 180 மீட்டரில் போனால் 8 ஜூல் சொச்சம் ஆற்றல்; பத்து மீட்டரில் வைத்த குறி அட்டைக்கு அது தாராளம். 20 ஜூலைத் தாண்டினாலோ, குழல் 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ லைசென்ஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜெர்மன் மேட்ச் ரைஃபிள் (போட்டி ஏர்கன்) வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. ஃபைன்வெர்க்பாவ் 300எஸ்-இல் பைக் எஞ்சின்போல உலோக ரிங். எதிரெதிரே ஓடும் இரட்டைப் பிஸ்டன் கொண்ட டயானா 75-இல் பிளாஸ்டிக் சீல்; வயசானால் அது பொரிபோல உதிர்ந்துவிடும். அதற்குப் பதில் தோலை வெட்டிச் சொருக வேண்டாம்.