மூடிக்குப் பூட்டா, ஜல்லடையா, சென்சாரா? வண்டியிலிருந்து எண்ணெய் திருடு போகாமல் இருக்க எது உதவும்

போன ஐப்பசியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டாண்டில் பைக்கை விட்டுவிட்டு ஊருக்குப் போய், ரெண்டு நாள் கழித்து வந்து உதைத்தால் கிளம்பவே இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள்தான் முள்ளோடை போய் 500 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டிருந்தேன் (கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, புதுச்சேரி எல்லைக்குள் போய்விட்டால் விலை குறைவு). டேங்க் மூடி பூட்டியபடியே இருக்கிறது, கீறல்கூட இல்லை. குனிந்து பார்த்தால் காக்கிலிருந்து (டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற திருகு) கார்புரேட்டருக்குப் போகிற டியூப் கழன்று தொங்குகிறது, கிளிப்பைக் காணோம்.

அதற்கு முன்னால் என் சித்தப்பா லாரியிலும் இதே கதைதான். அவர் நல்ல பூட்டு மூடியாக வாங்கிப் போட்டிருந்தார், எடுத்தவன் மூடியைத் தொடவே இல்லை, டேங்குக்கு அடியில் இருக்கிற ட்ரெயின் நட்டைக் கழற்றி வேண்டியதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மீதி மண்ணில். அதனால் எது வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்கள் வண்டியில் எண்ணெய் வெளியே வருவதற்கு எத்தனை வழி இருக்கிறது என்று எப்போதாவது படுத்துப் பார்த்தீர்களா என்பதுதான்.

பைக்கை முதலில் முடித்துவிடுகிறேன். கார்புரேட்டர் வண்டி என்றால் காக்கைத் திறந்து டியூபை உருவினால் போதும், பெட்ரோல் தானாக இறங்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்), பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, சாவி போட்டால்தான் அது ஓடும், டியூபை உருவினாலும் பெரிதாக ஒன்றும் வராது. பழைய வண்டிக்காரர்களுக்கு ரெண்டு வழி: ஒன்று, சாவி போட்டுப் பூட்டுகிற காக் மாற்றுவது, இன்னொன்று, சாதா கிளிப்பை எடுத்துவிட்டு ஸ்க்ரூ வைத்து இறுக்குகிற கிளிப் போடுவது. பூட்டு காக்தான் மேல், ஆனால் உங்கள் மாடலுக்குச் சரியாகப் பொருந்துவது கிடைக்காவிட்டால் வேண்டாம், கசிவு வந்தால் திருட்டைவிட மோசம். ஸ்க்ரூ கிளிப் மலிவு, நின்று நிதானமாக எடுக்கிறவனைத் தடுக்காது, அவசரத்தில் எடுக்கிறவனைத் தடுக்கும். ஸ்டாண்டில் எடுப்பவன் பெரும்பாலும் அவசரக்காரன்தான்.

லாரி, டிப்பர், டிராக்டர் விஷயம்தான் பெரியது. டேங்க் வெளியே, கை எட்டுகிற உயரத்தில், நூற்றுக்கணக்கான லிட்டரோடு தொங்குகிறது. எல்லோரும் முதலில் வாங்குவது பூட்டு மூடி, சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, தப்பில்லை. ஆனால் நம்ம ஊரில் அதற்கு ஒரு சோதனை உண்டு: உப்புக்காற்று. முதுநகர் துறைமுகம் பக்கம் நிற்கிற வண்டியில் மலிவான பூட்டு ஒரு மழைக்காலத்துக்குள் துரு ஏறி இறுகிவிடும், பங்கில் வரிசை நிற்கும்போது சாவி உள்ளேயே ஒடிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிராஃபைட் தூள் போட்டு வைத்தால் கொஞ்சம் தாங்கும். அதைவிட முக்கியம், மூடிக்குக் காற்று வழி வேண்டும். எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று போகாவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, எஞ்சினுக்கு டீசல் வராமல் வண்டி இழுக்காது. பம்ப் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் காசு கொடுத்துவிட்டு, கடைசியில் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போன கதைகள் உண்டு. மூடியின் ரப்பர் வாஷரும் நன்றாக இருக்கணும். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் இறங்கினால் டீசல் வண்டிக்கே கெடுதல், எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கிவிடும்.

மூடிக்குக் கீழே கழுத்தில் இறக்குகிற ஜல்லடை இன்னொரு வழி. மூடியை உடைத்தாலும் ஹோஸை உள்ளே விட முடியாது. பூட்டு மூடியோடு பார்த்தால் இதற்குத்தான் என் ஓட்டு, சாவி இல்லை, துருப்பிடித்து இறுகுகிற பாகம் இல்லை. குறை என்னவென்றால் டீசல் நுரைத்துக்கொண்டு மேலே வரும், பங்கில் பையன் வேகமாக அடித்தால் வழியும், மெதுவாகத்தான் நிரப்பணும். ஆனால் ரெண்டுமே மேல் வாயைத்தான் காக்கின்றன. ட்ரெயின் நட்டுக்குச் சித்தப்பா பிறகு செய்தது ரொம்ப எளிது: லேத்தில் சொல்லி, சாதா ஸ்பேனர் பிடிக்காதபடி நட்டைச் சுற்றி ஒரு இரும்புக் கூடு. டேங்கைக் கழற்றி, காலி செய்து, நன்றாகக் கழுவிய பிறகுதான் வெல்டிங் வைத்தார்கள். காலி டேங்கில் நிற்கிற ஆவிதான் வெடிக்கும், தயவுசெய்து அதில் அவசரப்படாதீர்கள்.

அப்புறம் சென்சார். டேங்கின் மேல் துளை போட்டு, உள்ளே நேராக ஒரு கம்பி மாதிரி இறக்குவார்கள், அது எண்ணெய் மட்டத்தை அளந்து ஜிபிஎஸ் பெட்டி வழியாக போனுக்கு அனுப்பும். நிற்கிற வண்டியில் மட்டம் திடீரென்று இறங்கினால் எச்சரிக்கை வரும். பல ஆயிரம் ரூபாய் செலவு, மாதமோ வருடமோ சந்தா வேறு. மாட்டுகிறவர் டேங்கைக் காலி செய்து 20 லிட்டர் 20 லிட்டராக ஊற்றி ஒவ்வொரு முறையும் அளவு குறித்துக்கொள்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள். அதைச் செய்யாமல் போனால் காசு தண்டம், டேங்க் வடிவத்துக்கு ஏற்ப கணக்கு தப்பும். ஒரு சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி வண்டி சாய்ந்து நின்றாலும் அளவு கொஞ்சம் ஆடும், அதைத் திருட்டு என்று நினைத்துவிடக் கூடாது. பங்கில் பில் போட்ட லிட்டரும் டேங்குக்குள் வந்த லிட்டரும் ஒன்றா என்று பார்க்க முடிவது இதில் உள்ள பெரிய லாபம், வேறு எந்தப் பூட்டும் அதைச் சொல்லாது. ஆனால் எஞ்சின் ஓடும்போது ரிட்டர்ன் லைனில் (மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்புகிற குழாய்) கேனை வைத்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தால் சென்சாருக்கு அது மைலேஜ் குறைவாக மட்டும்தான் தெரியும்.

சென்சார் மாட்டிய அன்று சித்தப்பாவிடம் எட்டு வருஷமாக ஓட்டுகிற டிரைவர் அண்ணன் முகம் வாடிவிட்டது. "ஏன் மொதலாளி, நான் எடுக்கிறேன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டே விட்டார். சித்தப்பா அந்த ஆப்பை அவர் போனிலும் போட்டுக் கொடுத்தார், எச்சரிக்கை முதலில் அவருக்குத்தான் வருகிறது, கேபினில் தூங்குகிறவர் அவர்தானே. சென்சார் வாங்குகிற ஒவ்வொரு முதலாளியும் இதைச் செய்யணும் என்பது என் கருத்து, ராத்திரி முழுக்க வண்டியைக் காக்கிறவரைச் சந்தேகப்பட்டியலில் வைத்துவிட்டு எந்தக் கருவியும் உருப்படாது.

போலீஸ் புகாரையும் சொல்லணும். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 303ஆவது பிரிவின்படி திருட்டுக்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு, ஆனால் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல் தடவை, பொருளைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான். லிட்டர் 90 ரூபாயை ஒட்டி வைத்துக்கொண்டாலும் 50 லிட்டர் அந்த வரம்புக்குள் வந்துவிடும். அதற்காகப் புகார் கொடுக்காமல் இருக்காதீர்கள், ஒரே இடத்தில் நாலு புகார் சேர்ந்தால்தான் அங்கே ரோந்து கேட்க முடியும்.

ஒரு வண்டி, ஓட்டுவதும் நீங்களே என்றால் ஜல்லடையும் ட்ரெயின் நட் கூடும் போதும், சென்சார் வேண்டாம். மூணு நாலு வண்டி வெவ்வேறு ஊரில் ராத்தங்குகிறது என்றால் சென்சார் தன் காசைத் திருப்பித் தரும். எந்த வண்டியானாலும் ராத்திரி நிறுத்தும்போது டேங்க் இருக்கிற பக்கத்தைச் சுவரை ஒட்டி, ஆள் நுழைய முடியாத இடைவெளியில் விடுங்கள். இதற்குச் செலவே இல்லை, சித்தப்பா இப்போது ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுத்தாவது அப்படித்தான் நிறுத்துகிறார்.