பிளீச்சா, ஆசிட் கிளீனரா, ஆக்சிஜன் பவுடரா: எதை எங்க ஊத்துறது?

முதல்ல என் முட்டாள்தனத்த சொல்லிடறேன். டாய்லெட்ல மஞ்சக்கறை போகவே மாட்டேங்குதுனு ஆசிட் கிளீனர ஊத்தி வச்சேன், கொஞ்ச நேரம் பாத்தேன், அப்பவும் போகல, சரி பிளீச்சையும் சேத்து ஊத்தினா டபுள் பவரா இருக்குமேனு அதையும் ஊத்திட்டேன். சில செகண்ட்ல மூக்குல ஊசி குத்தின மாதிரி எரிச்சல், கண்ணுல தண்ணி, இருமல் நிக்கல. கதவ திறந்து போட்டுட்டு வெளிய ஓடினேன். வந்தது குளோரின் கேஸ். 1915ல பெல்ஜியத்துல ஈப்ர போர்க்களத்துல எதிரி மேல திறந்து விட்டாங்களே, அதே சாமான்தான், என்ன, நான் என் மேலயே விட்டுக்கிட்டேன்.

அன்னைக்கு சாயந்திரமே சிங்க் கீழ இருந்த எல்லா பாட்டிலையும் வெளிய எடுத்து வச்சு லேபிள படிச்சேன். படிச்சப்புறம் புரிஞ்சது இதுதான்: இதெல்லாம் ஒரே வேலைய செய்யற போட்டி சரக்கே இல்ல, ஒவ்வொண்ணும் வேற வேற கறைக்கு.

சாதா லிக்விட் பிளீச்சுல இருக்கறது சோடியம் ஹைப்போகுளோரைட், பெரும்பாலும் 3லேர்ந்து 8 சதவீதத்துக்குள்ள இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணி. கெடாம இருக்க கொஞ்சம் காரம் கலந்திருப்பாங்க, அதனால pH 11க்கு மேல. விரல்ல பட்டா சோப்பு மாதிரி வழவழனு இருக்கே, அது பிளீச்சோட வழவழப்பு இல்லங்க, நம்ம தோல்ல இருக்கற எண்ணெய அந்த காரம் சோப்பாக்கிட்டு இருக்கு. இத படிச்ச நாள்லேர்ந்து நான் கிளவுஸ் இல்லாம பாட்டில தொடறதில்ல.

கிருமி கொல்றதுல இதுக்கு ஈடு கம்மிதான். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை எல்லாத்தையும் போடும். ஆனா அழுக்க எடுக்காது. அழுக்கு மேல ஊத்தினா அதோட சக்தியெல்லாம் அழுக்கோட சண்டை போட்டே தீந்துடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. அதனால முதல்ல சோப்பு போட்டு தேச்சு, நல்லா அலசிட்டு, அப்புறம்தான் பிளீச். அளவுலதான் எல்லாரும் தப்பு பண்றோம், மூடில கொஞ்சம் ஊத்தி, நுரை வரலயேனு இன்னும் கொஞ்சம் ஊத்தி... 5 சதவீத பிளீச்னா ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணி, அதாவது 0.1 சதவீதம், தரை மேஜைக்கெல்லாம் இது போதும். ரத்தம் சிந்தின இடம்னா ஒண்ணுக்கு 9 பங்கு. துடைச்ச உடனே காய விடாம லேபிள்ல போட்ட நேரம் வரைக்கும் ஈரமா இருக்கணும். பச்சத்தண்ணிதான், வெந்நீர்ல கலக்கினா சக்தி சீக்கிரம் போயிடும். கலக்கினத அன்னைக்கே தீத்துடுங்க, மறுநாள் அது வாசனை மட்டும் இருக்கற தண்ணி மாதிரிதான். ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி அடிக்கறதும் வேணாம், அந்த சாரல் நேரா நுரையீரலுக்குத்தான் போகும், துணியில நனைச்சு துடைச்சா போதும்.

பட்டு, கம்பளி பக்கம் கொண்டு போகவே கூடாது, இழையவே தின்னுடும். துருக்கறை மேல ஊத்தினா கறை இன்னும் அழுத்தமா உக்காந்துக்கும்.

பிளீச்சிங் பவுடர் இதோட அண்ணன், கால்சியம் ஹைப்போகுளோரைட். சாதா பவுடர்ல குளோரின் சத்து 30 சதவீதத்துக்கு மேல, குருணை மாதிரி வர்ற ரகத்துல 65, 70 வரைக்கும் போகும். கிணறு, சாக்கடை, பெரிய வெளி இடம்னா இதுதான் சரி. வீட்டுக்குள்ள என்னைக் கேட்டா தேவையே இல்ல. திறக்கும்போது பறக்கற தூசிய சுவாசிச்சா தொண்டை போச்சு, ஈரம் பட்டா கெட்டுப்போகும், எண்ணெய், பெட்ரோல் மாதிரி எதாவது பட்டா தீயே பிடிக்கலாம்.

இப்ப ஆசிட் கிளீனர். என் டாய்லெட் கதையோட விடை இங்கதான் இருக்கு. உப்புத்தண்ணி காஞ்சு காஞ்சு படியற சுண்ணாம்பு படலம்தான் அந்த மஞ்சக்கறை. பிளீச் அத வெளுப்பா காட்டும், ஆனா படலம் அங்கயே கல்லு மாதிரி இருக்கும், மறுபடி அழுக்கு ஒட்டும். ஆசிட் மட்டும்தான் அத கரைக்கும். பல டாய்லெட் கிளீனர்ல இருக்கறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஆக நான் ஆசிட்டயே இன்னும் அரை மணி விட்டு தேச்சிருந்தா போதும், பிளீச்சுக்கு அங்க வேலையே கிடையாது. மார்பிள், சிமெண்ட் தரைக்கு மட்டும் ஆசிட் வேணாம், அரிச்சுடும்.

வினிகர் இதோட சின்ன தம்பி, சுமார் 5 சதவீத அசிட்டிக் ஆசிட். குழாய்ல படிஞ்ச வெள்ளை உப்புக்கு நல்லா வேலை செய்யும், ஆனா கிருமிநாசினினு நம்பி உக்காராதீங்க. இயற்கைதானேனு பிளீச்ல கலக்கவும் கூடாது, இதுலயும் அதே குளோரின் வரும், எலுமிச்சை சாறும் அப்படித்தான்.

துணிக்குனா என் ஓட்டு ஆக்சிஜன் பவுடருக்கு, அதாவது சோடியம் பெர்கார்பனேட். தண்ணில போட்டா ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவை சோடாவுமா பிரியும், வாசனை இல்ல, பெரும்பாலான கலர் துணி தாங்கும். இதுக்கு வெதுவெதுப்பு வேணும், 40, 50 டிகிரில நல்லா வேலை செய்யும், பச்சத்தண்ணினா பல மணி நேரம் ஊற வைக்கணும். பட்டு கம்பளிக்கு இதுவும் ஆகாது, காரம்தானே. கரைச்ச தண்ணிய மூடி போட்ட பாட்டில்ல வச்சுடாதீங்க, உள்ள ஆக்சிஜன் சேந்து சேந்து பாட்டில் வெடிக்கும். பளிச்சுனு வெளுக்கற வேகத்துல லிக்விட் பிளீச் ஜெயிக்கும்தான், ஆனா துணி ஆயுசுல இது ஜெயிக்கும்.

கலவை விஷயம் இன்னும் கொஞ்சம் இருக்கு. கண்ணாடி துடைக்கற லிக்விட் சிலதுல அம்மோனியா இருக்கும், அது பிளீச்சோட சேந்தா குளோரமைன் வாயு. சிறுநீர்லயும் இதே ஆபத்து உண்டு, பூனையோட மணல் டப்பாவையோ குழந்தை டயப்பர் பக்கெட்டையோ பிளீச்ல கழுவறவங்க முதல்ல தண்ணி விட்டு நல்லா அலசிடணும். சானிடைசர்ல இருக்கற ஆல்கஹாலோட சேந்தா குளோரோஃபார்ம் வரலாம். அதனால பிளீச் போடற நாள்ல வேற எதுவும் போடாதீங்க, ஜன்னல திறந்து வைங்க.

அப்படியும் வாயு வந்துட்டா நின்னு கழுவி விடலாம்னு நினைக்காம வெளிய போயிடணும், மூச்சு திணறல் நிக்கலனா டாக்டர்ட்ட போகணும். கண்ணுல பட்டா லென்ஸ கழட்டிட்டு ஓடற தண்ணில 15லேர்ந்து 20 நிமிஷம், கண்ண திறந்து வச்சே கழுவணும், அப்புறம் ஆஸ்பத்திரி. யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, இறங்கும்போது ஒரு தடவை சுட்டது ஏறும்போது இன்னொரு தடவை சுடும். வாய கொப்புளிக்க வச்சுட்டு பாட்டிலோட கூட்டிட்டு போங்க.

பிளீச்ச குடிக்கற தண்ணி பாட்டில்லயோ ஜூஸ் பாட்டில்லயோ மாத்தி ஊத்தி வைக்கறது இருக்கே, அத பாத்தாலே எனக்கு கோவம் வரும். வாங்கின பாட்டில்லயே இருக்கட்டும், வெளிச்சமும் சூடும் படாத உயரத்துல, ஆசிட் பாட்டில் இருக்கற அலமாரில இல்ல. வெளிச்சத்துல வச்சா சீக்கிரம் செத்துடும், தேதி தாண்டினத கிருமிக்கு நம்ப முடியாது. அப்படி பழசா போன பாட்டில நான் நிறைய தண்ணி ஓட விட்டு மெதுவா சிங்க்ல ஊத்திடறேன், அதுக்கு முன்னாடி அன்னைக்கு யாராவது அந்த சிங்க்ல ஆசிட்டோ வினிகரோ ஊத்தினாங்களானு வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு.